காலுக்கேற்ற மிதிவண்டி

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள் பெரியோர். செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்க்காமல் எவரும் செருப்பு வாங்குவதில்லை. சட்டை தைக்கத் தையற்காரர் அளவெடுக்கிறார். ஆனால் நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் மிதிவண்டியை மட்டும் நிறம் பார்த்து, விலை பார்த்து வாங்குகிறோம். அது நம் காலுக்குப் பொருந்துமா என்று கேட்பதில்லை. உயரம் குறைந்தோர் நெடுந்தூரம் செல்வதற்கேற்ற வண்டியை எவ்வாறு தேர்வது, வீட்டில் இருக்கும் வண்டியை எவ்வாறு திருத்திக்கொள்வது என்பதை, வகுப்பில் நாம் கற்கும் நெம்புகோல் கணக்கைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுதும் நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. உயரம் 148 செ.மீ. ஊர் ஆமத்தூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். செய்முறை வகுப்பு முடிவதற்குள் பேருந்து போய்விட்டால், வீடு சேர இருட்டிவிடும். "பொழுதடைந்து வருகிற படிப்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் ஊரில் இன்றும் உண்டு. சொந்த வண்டியுள்ள பெண்ணிடம் இக்கேள்வி குறைவாகவே வருகிறது. ஆயினும் என்னுடன் பள்ளியில் படித்த சிலர், கால் எட்டவில்லை, முழங்கால் வலிக்கிறது என்று வண்டியைச் சுவரில் சாத்திவிட்டார்கள். அவர்களுள் இருவர் இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்கள். வண்டி ஒன்றே காரணம் என்று கூற மாட்டேன். அதுவும் ஒரு காரணம்.

மிதிவண்டிக்கும் பெண்கல்விக்கும் உள்ள தொடர்பு கண்கூடானது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கிராமப் பெண்கள் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டிப் பழகினர். தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-2002-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்காகத் தொடங்கிப் பின்னர் மற்றவர்க்கும் விரிந்தது. பீகாரில் 2006-இல் தொடங்கிய இத்தகைய திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆகியோர், உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியர் தொகை 32 விழுக்காடு உயர்ந்ததை 2017-இல் வெளியான கட்டுரையில் காட்டினர். எனவே வண்டி கிடைப்பது முதற்படி. கிடைத்த வண்டி பொருந்துவது இரண்டாம் படி. நாம் காண வேண்டியது இந்த இரண்டாம் படியையே.

வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1870-களில் மேலைநாடுகளில் ஓடிய உயர்சக்கர வண்டியில், பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தன. சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம்; ஆனால் கால் எட்ட வேண்டுமே! ஆகவே வாங்குபவரின் கால் நீளத்துக்கேற்பப் பல அளவுகளில் சக்கரம் செய்து விற்றார்கள். 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின்சக்கரத்தைச் சுழற்றும் 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். சக்கரத்தின் அளவு காலின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. அத்துடன் காலை அளக்கும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

அளவெடுப்பது எளிது. வெறுங்காலுடன் சுவரோரம் நிமிர்ந்து நின்று, தொடைகளுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலேற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதுவே உள்கால் நீளம். உயரம் ஒன்றாயிருப்பினும் இருவருக்கு இந்நீளம் ஒன்றாயிராது. 1967-இல் ஹேம்லி, தாமஸ் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேற்பகுதிவரை உள்ள தூரம் உள்கால் நீளத்தில் 109 விழுக்காடு இருக்க வேண்டும். என் உள்கால் நீளம் 67 செ.மீ. எனக்குரிய தூரம் ஏறத்தாழ 73 செ.மீ.

இப்போது எங்கள் வீட்டிலுள்ள அப்பாவின் 22 அங்குல வண்டியைப் பார்ப்போம். சீட்டை முற்றிலும் இறக்கிய பின்னும் கிராங்கின் மையத்திலிருந்து சீட்டுவரை 66 செ.மீ.; கிராங்கின் நீளம் 16.5 செ.மீ. இரண்டும் சேர்ந்து 82.5 செ.மீ. எனக்கு வேண்டியதைவிட 9.5 செ.மீ. மிகுதி! நம் ஊர்ச் சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டும் குரங்குப் பெடல் ஏன் பிறந்தது என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகிறது. தெருமுனைக் கடைக்குப் போக அது போதும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக உதவாது.

பெண்கள் வண்டியில் பார் தாழ்ந்திருப்பதால் ஏறி இறங்குவது எளிது. சீட்டையும் இறக்கிக்கொள்ளலாம். அத்துடன் குறை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். தீரவில்லை. பெரும்பாலான வண்டிகளில் உயரமானவர்க்குரிய கிராங்கே குட்டையானவர்க்கும் வருகிறது. சீட்டுக்கும் கீழ்ப்பெடலுக்கும் இடையே 73 செ.மீ. என்றால், பெடல் மேலே வரும்போது 16.5 செ.மீ. கிராங்கில் மிஞ்சுவது 40 செ.மீ. மட்டுமே. முழங்கால் மிகவும் மடங்கிய நிலையில் அழுத்த வேண்டியிருக்கிறது. 15.2 செ.மீ., அதாவது 6 அங்குலக் கிராங்கைப் போட்டால் அந்த இடைவெளி 42.6 செ.மீ. ஆகிறது. கிராங்கில் 1.3 செ.மீ. குறைத்தால் முழங்காலுக்கு 2.6 செ.மீ. இடம் கிடைக்கிறது, குறைத்ததற்கு இருமடங்கு!

"நெம்புகோலைக் குறைத்தால் மிதிப்பது கடினமாகுமே?" என்று இயற்பியல் நண்பர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கிராங்கு ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. ஆனால் குட்டையானவர்க்கு 28 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 26 அங்குலச் சக்கரம் கொடுத்தால், சக்கரத்தின் ஆரமும் 7 விழுக்காடு குறைகிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. பாதம் சுற்றும் வட்டம் சிறுத்தது, சக்கரமும் சிறுத்தது, அழுத்தும் விசை ஏறக்குறைய பழையதே. சிறிய சக்கரம் சிறுபிள்ளைகளுக்குரியது என்னும் எண்ணத்தை ஆகவே விட்டுவிடலாம். பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டு ஃபிரேமை மட்டும் குறுக்கினால், வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் கால்விரலில் இடிக்கும். இதனால்தான் அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்னும் பெண் பொறியாளர், 1985-இல் தொடங்கிய தம் நிறுவனத்தில், உயரம் குறைந்த பெண்களுக்காக முன்சக்கரம் மட்டும் 24 அங்குலமாக உள்ள வண்டிகளைச் செய்தார்.

மூன்றாவது அளவு கைக்குரியது. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து நீட்டினால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. எட்டாவிட்டால் குனிந்து குனிந்து கழுத்தும் தோளும் வலிக்கும். பிரேக் பிடிக்கவும் விரல் எட்டாது. பட்டாசு லாரிகள் ஓடும் சிவகாசி சாலையில் அது ஆபத்து.

புதிய வண்டி வாங்க எல்லோராலும் இயலாது. இருக்கும் வண்டியில் செய்யத்தக்கவை இவை. குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நிற்கும்படி சீட்டை அமைக்க வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்க, முழங்கால் சற்றே மடங்கும். சீட்டை முன்னே நகர்த்தலாம். ஸ்பிரிங் சீட்டுக்குப் பதில் தட்டைச் சீட்டைப் போட்டால் சில செ.மீ. இறங்கும். சிறுவர் வண்டியின் 6 அங்குலக் கிராங்கு பொருந்துமா என்று சைக்கிள் கடைக்காரரிடம் அச்சை அளந்து பார்க்கச் சொல்லலாம். அதிலுள்ள செயின் சக்கரத்தில் பல் குறைவாயிருந்தால் மிதி இலேசாகும், வேகம் சற்றுக் குறையும். எதிர்காற்றில் அதுவும் நன்மையே.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று, வண்டி பெற்ற மாணவியரின் உள்காலை அளந்து சீட்டைச் சரிசெய்து கொடுத்தால் என்ன? வேண்டிய கருவிகள் ஒரு டேப், இரண்டு ஸ்பேனர், ஒரு தடித்த புத்தகம். பெண் ஒருத்திக்குப் பத்து நிமிடம் போதும். கல்லூரி இசைந்தால் முதல் முகாமை ஆமத்தூர்ப் பக்கமே வைக்கலாம். டேப்பை நான் கொண்டுவருகிறேன்.