செல் தீராமல் இருக்க, சிப்பைத் தூங்க வையுங்கள்

மாடித் தோட்டத்துக்கு மண் ஈரம் பார்க்கும் கருவியை ஏடிமெகா328பி சிப்பில் செய்தவர்கள், சில நாளிலேயே செல் தீர்ந்துவிட்டது என்று கை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம்.

1. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் பார்த்தால் போதும். நடுவில் 'டிலே' போட்டுக் காத்திருப்பது தூக்கம் ஆகாது. அப்போதும் மில்லி ஆம்பியர் கணக்கில் மின்சாரம் போகும். 'பவர் டவுன்' முறையில் தூங்க வையுங்கள்.

2. இந்தத் தூக்கத்தில் முதன்மைக் கடிகாரமே நின்றுவிடும். டைமர்1 எண்ணாது, அதை நம்பினால் சிப் எழுந்திருக்காது. எழுப்ப ஏற்றது வாட்ச்டாக் டைமர். அதற்கென்று தனியாக 128 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உள்ளேயே ஓடுகிறது.

3. வாட்ச்டாக் அதிகபட்சம் சுமார் 8 நொடிக்குத்தான் எண்ணும். எட்டு நொடிக்கு ஒருமுறை எழுந்து, ஒன்று கூட்டிவிட்டு, உடனே தூங்கட்டும். 75 ஆனதும் ஈரம் பார்க்கட்டும். ஏறக்குறைய பத்து நிமிடம் வரும். கூட்டும் மாறியை 'வொலடைல்' என்று அறிவிக்க மறக்காதீர்கள்.

4. பலரும் இடறுவது இங்கேதான். வாட்ச்டாக்கை ரீசெட் முறையில் விட்டால், அல்லது இன்டரப்ட்டுக்கான ஃபங்ஷனை எழுதாமல் விட்டால், சிப் ஒவ்வொரு 8 நொடிக்கும் புதிதாகத் தொடங்கும். எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். 75 வரவே வராது. வெற்று ஃபங்ஷனாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

5. தூங்குமுன் ஏடிசியை அணையுங்கள். அணைக்காவிட்டால் அது மட்டுமே 200 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் குடிக்கும். அணைத்ததும் மீட்டரில் எண் சரிந்து ஒற்றை இலக்கத்துக்கு அருகே வந்தால் பாதை சரி. இன்னும் இருபது போல மிச்சம் நின்றால், பிரவுன்-அவுட் கண்காணிப்பு விழித்திருக்கிறது, அதையும் அணைக்கலாம்.

6. ஈர சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அளக்கும் நேரத்தில் மட்டும் கொடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் உலோக முனைகள் அரிக்கப்படுவதும் குறையும்.

7. யூனோ போர்டை அப்படியே வைத்தால் பலன் இல்லை. சிப் தூங்கினாலும் ரெகுலேட்டரும் யூஎஸ்பி சிப்பும் பவர் எல்இடியும் தூங்காது. சிப்பைத் தனியே எடுத்து, உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், மூன்று ஏஏ செல்லில் ஓட்டுங்கள்.

8. வாட்ச்டாக்கின் 8 நொடி, வெப்பத்துக்கும் வோல்டேஜுக்கும் ஏற்பக் கூடும், குறையும். செடிக்கு அது பரவாயில்லை. மணி தவறக் கூடாத வேலை என்றால் டிஎஸ்3231 கடிகார சிப்பின் அலாரத்தால் எழுப்புங்கள்.

கருவியைப் பெட்டியில் மூடுமுன் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். சராசரி 10 மைக்ரோ ஆம்பியருக்குள் இருந்தால், செல் மாற்றும் வேலை வருடக் கணக்கில் வராது.