கடைமடையிலிருந்து கணக்கைத் தொடங்கு

கண்ணு, நாட்டின் தண்ணீரைத் திட்டமிடும் வேலைக்கு வந்திருக்கிறாய். வயலும் கேட்கும், ஆலையும் கேட்கும், ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும் நகரமும் கேட்கும். ஆறு மட்டும் அதே ஆறுதான். கணக்குப் போடும் முறையைப் புத்தகங்கள் உனக்குக் கற்றுத்தரும். அந்தக் கணக்கைப் போடுகிறவரின் மனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். என் தலைமுறை கட்டியதையும் கவனிக்காமல் விட்டதையும் கூடவே இருந்து பார்த்த உரிமையில் சொல்கிறேன், கேள்.

1. சராசரியை நம்பி உறங்காதே. இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பில்லியன் கன மீட்டர் நீர் கிடைக்கிறது, அதில் சுமார் 1,120 பில்லியன் கன மீட்டரைத்தான் பயன்படுத்த முடியும் என்று படிப்பாய். 1951இல் தலைக்கு 5,177 கன மீட்டராக இருந்த நீர் 2011இல் 1,545 ஆகக் குறைந்துவிட்டதையும் படிப்பாய். மனத்தில் பதித்துக்கொள். ஆனால் சராசரி மழையில் எந்த ஊரும் நனைவதில்லை. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் போனது. இடையில் நான்கு ஆண்டுகூட முழுசாக இல்லை. குறைவான ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்பதை, நிறைவான ஆண்டிலேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடு. வறட்சியில் எழுதும் பங்கீடு வழக்கில்தான் முடியும்.

2. கடைமடைக்குப் போய் நில். காவிரியில் மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கன அடி). மதகு திறக்கும் நாளில் பூத்தூவ ஊரே கூடும். அங்கே நீயும் போ, தவறில்லை. அதோடு நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்து வாய்க்கால்கள் முடிகிற இடத்துக்கும் போ. என் இளவயதில் அங்கே ஒரு விவசாயி நாற்றங்காலைக் காட்டி, தன் முறை எப்போது வரும் என்று கேட்டார். தலைமதகின் பதிவேட்டில் அந்த வாரம் நீர் முறையாக விடப்பட்டதாகவே எழுதியிருந்தது. பதிவேடும் பொய்யில்லை, அவருடைய காய்ந்த நாற்றும் பொய்யில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வேலை இருக்கிறது. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் கடைசி மடை எது, அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

3. விவசாயியைக் குறை சொல்லுமுன் அவருக்குக் காட்டப்பட்ட வழியைப் பார். நாம் மண்ணுக்கடியிலிருந்து இறைக்கும் நீர், அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து இறைப்பதைவிட அதிகம். பஞ்சாபில் நெல்லை அரசே உறுதியான விலைக்கு வாங்கிக்கொண்டது, மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைத்தது. விவசாயி நெல் நட்டார், நிலத்தடி நீர் இறங்கியது. அதைக் காக்க, குறித்த நாளுக்கு முன்னால் நாற்று நடக்கூடாது என்று 2009இல் சட்டம் வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்பதற்குள் தாளை அகற்ற நாள் போதாமல் வயலிலேயே கொளுத்துவது சில நாட்களுக்குள் நெருங்கி, அந்தப் புகை டெல்லியின் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு துறையின் மருந்து அடுத்த துறையின் நோயாகலாம். ஆகவே வேளாண்மை, மின்சாரம், உணவு என மூன்று துறையினரையும் உன் மேசைக்கு அழைத்து உட்கார வை. அழைக்கும் பணிவு உனக்கு இருந்தால் வருவார்கள்.

4. தண்ணீர் கொடுக்கும்போதே கழிவு எங்கே போகும் என்று கேள். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தார்கள். திருப்பூரின் சாயக்கழிவு வந்து அதில் தேங்கியது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ, அவர்களே அந்த நீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது தொழிலாளர்களின் பிழைப்பும் சேர்ந்து அடிபட்டது. வயலா, ஆலையா என்று பக்கம் பிரிந்து நிற்காதே. இரண்டிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். நல்ல வழியும் உண்டு. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நகரத்தின் கழிவுநீரையே நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் இருக்கின்றன. அத்தனை நல்ல நீர் குடிப்பவருக்கு மிச்சமாகிறது.

5. பழையதைப் பழுதுபார்ப்பதிலும் பெருமை கொள். 1972இல் பொறியாளரும் மத்திய அமைச்சருமான கே.எல். ராவ், கங்கையைக் காவிரியோடு இணைக்கும் கனவை முன்வைத்தார். பெரிய மனிதரின் பெரிய கனவு. ஆனால் நீரை மேட்டுக்கு ஏற்ற வேண்டிய மின்சாரமும் செலவும் அதைத் தடுத்து நிறுத்தின. கனவை இகழாதே. அதற்காகக் காத்திருந்து கையில் இருப்பதை இழந்துவிடவும் செய்யாதே. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. பலவற்றில் வரத்துக்கால் அடைந்திருக்கும், கலங்கல் சிதைந்திருக்கும், கரைக்குள் வீடு முளைத்திருக்கும். தூர் வாருவதற்கு அடிக்கல் இல்லை, கல்வெட்டில் பெயரும் வராது. பெயர் வராத வேலையை மனமாரச் செய்கிறவரைத்தான் ஊர் நெடுநாள் நினைத்திருக்கும்.

6. அடுத்த மாநிலத்துப் பொறியாளரை எதிரியாக எண்ணாதே. நம் அரசியல் சட்டம் தண்ணீரை மாநிலப் பட்டியலில் வைத்து, மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளில் மத்திய அரசுக்கும் இடம் தந்தது. காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் ஆண்டுதோறும் விட வேண்டியது 177.25 டிஎம்சி என்று முடிவு செய்தது. ஒரு தலைமுறையே வழக்கில் வளர்ந்தது. மறுபக்கமும் பார். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா நீரில் தலா 5 டிஎம்சியைச் சென்னையின் தாகத்துக்கு விட்டுத்தர இசைந்தன. 1996இல் அந்த நீர் பூண்டிக்கு வந்தது. பேசியபடி முழு அளவு எல்லா ஆண்டும் வருவதில்லை, உண்மைதான். ஆனாலும் கொடுக்கலாம் என்று ஒரு மேசையில் மூவர் நினைத்ததால்தான் கால்வாயே பிறந்தது. எதிர் வரிசையில் இருந்தவர்களோடு தேநீர் வேளைகளில் பேசியிருக்கிறேன். அவர்கள் ஊரிலும் காய்ந்த வயல் உண்டு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் நியாயத்தைப் பேசும் குரல் தணியும், வலு கூடும்.

7. குழாய் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதே. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது, கிராமப்புற வீடுகளில் ஆறில் ஒன்றுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற இலக்கோடு கோடிக்கணக்கான வீடுகளுக்கு அதன்பின் இணைப்பு போயிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஆழ்துளைக் கிணறு வற்றினால் குழாயும் வற்றும். ஊருக்குப் போனால் தலைவரைப் பார்த்த கையோடு குடம் வைத்து நிற்கும் பெண்களிடமும் பேசு. எந்த மாதம் நீர் குறையும், எந்தத் தெருவுக்கு ஏறாது, எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது என்பதை அவர்களைப் போலத் துல்லியமாக எந்த அறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

8. எண்ணில் நேர்மையாக இரு. மேலே இருப்பவர்கள் விரும்பும் எண்ணை எழுதச் சொல்லி ஒருநாள் உனக்கும் நெருக்கடி வரும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் மூத்த அதிகாரி ஒருவர், அளந்த எண்ணை ஒரு மையிலும் ஊகித்த எண்ணை வேறொரு மையிலும் எழுதச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் கோபிக்க மாட்டார். தெரிந்ததுபோல எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும். நீயும் அப்படியே எழுது. மழை பொய்த்த ஓர் ஆண்டில், நீ ஓய்வு பெற்ற பிறகு யாரோ ஒருவர் உன் கோப்பைத் திறப்பார். அதில் இருக்கும் எண்ணை நம்பித்தான் ஓர் ஊருக்கு மதகை மூடுவார், இன்னோர் ஊருக்குத் திறப்பார். அந்த இரண்டு ஊருக்கும் நீ இன்றே பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.