கல்லாவில் பணம், கணக்கில் இல்லை!
தானியங்கிப் பற்று ஆணைகளைக் கவனிப்பது எப்படி?

முன்பெல்லாம் வசூலுக்கு ஆள் வருவார். கடை வாசலில் நின்று டீ குடித்து, பாதிப் பணம் வாங்கிக்கொண்டு, மீதிக்கு வாய்தா வாங்கிப் போவார். இன்றோ டெலிவரி வண்டிக் கடன் தவணை, இன்சூரன்ஸ் பிரீமியம், கம்பெனிச் சரக்குக்கான தொகை என்று ஒவ்வொன்றும் நம்மைக் கேட்காமலே வங்கிக் கணக்கிலிருந்து போய்விடுகிறது. கேட்காமல் என்று சொல்வதுகூடத் தவறுதான். என்றோ ஒரு நாள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நாமே அனுமதி கொடுத்திருக்கிறோம். அந்தத் தாளுக்குத்தான் 'மாண்டேட்' என்று பெயர். இம்முறை அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1990-களில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு இ.சி.எஸ். பேச்சு வழக்கில் நம்மில் பலர் இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறோம். ஆனால் இப்போது நடப்பில் இருப்பது நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்தும் 'நாச்' என்னும் முறை. பணம் வாங்க வேண்டிய கம்பெனி தன் வங்கி மூலமாகக் கோரிக்கையை அனுப்பும். கார்ப்பரேஷன் அதை நம் வங்கிக்குத் தள்ளும். நம் வங்கி கணக்கைப் பார்த்துப் பணத்தை எடுத்துக் கொடுக்கும், அல்லது காரணம் குறித்துத் திருப்பி அனுப்பும். நடுவில் மனிதக் கை இல்லை. 'அண்ணே, நாளைக்குப் போடுங்க' என்று சொல்ல அங்கே ஆளும் இல்லை.

நம் கடையில் நடந்ததையே சொல்கிறோம். மாதம் 5-ஆம் தேதி வண்டிக் கடன் தவணை ரூ.12,600. 2021 செப்டம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை. சனி மாலை கணக்கில் இருந்தது ரூ.9,800. ஞாயிறு வியாபாரம் கல்லாவில் ரூ.27,000 சேர்ந்தது. ஞாயிறு என்றால் தவணை திங்களுக்குத் தள்ளும், காலையில் வங்கி திறந்ததும் கட்டிவிடலாம் என்பது நம் நெடுநாள் பழக்கம். ஆனால் 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் ஏழு நாளும், விடுமுறை நாளிலும் இயங்குகிறது. ஞாயிறன்றே கோரிக்கை வந்தது; பணம் போதவில்லை; திரும்பிவிட்டது. வங்கிக்கு ரூ.250, கடன் கொடுத்தவருக்கு ரூ.500, இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.885 தண்டம். கூத்து அதோடு முடியவில்லை. திங்களன்று கிளைக்கே போய்த் தவணையைக் கட்டினோம். வியாழனன்று அவர்கள் மறுபடியும் கோரிக்கை போட்டு இன்னொரு ரூ.12,600 எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதத்துக்கு வரவு வைக்கச் சொல்லி இரண்டு முறை அலைந்தோம். திரும்பிய தவணையை நேரில் கட்டினால் ரசீது வாங்குவதோடு, 'மறுபடி போடாதீர்கள்' என்று எழுதியும் கொடுக்க வேண்டும் என்பது அன்று தெரிந்தது. யு.பி.ஐ. வரவு எல்லாம் மகன் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது இன்னொரு பிசகு. தவணை போகிற கணக்கும் வரவு வருகிற கணக்கும் ஒன்றாக இருந்தால் பாதித் தொல்லை இல்லை.

இனி அந்தத் தாளைப் பார்ப்போம். தொகை என்ற இடத்தில் இரண்டு வகை உண்டு: நிர்ணயத் தொகை, உச்சத் தொகை. தவணைக்கு முதல் வகை சரி. சரக்கு பில் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் கம்பெனிக்காரர்கள் உச்சத் தொகை கேட்பார்கள். 'எப்போது கோரினாலும்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கவும் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் நம் பெரிய பில் ரூ.40,000 என்றால் உச்சத்தை ரூ.5 லட்சம் என்று எழுத விடுவானேன்? தீபாவளிச் சரக்கையும் கணக்கில் வைத்து ரூ.60,000 போட்டால் போதும். தொகையும் முடிவுத் தேதியும் காலியாக விட்ட தாளில் கையெழுத்துப் போடுவது வெற்றுச் செக் கொடுப்பதற்குச் சமம்.

கையெழுத்தாலேயே எத்தனையோ மாண்டேட் திரும்புகிறது. வங்கியில் தமிழில் கையெழுத்து, தாளில் ஆங்கிலத்தில்; கூட்டுக் கடைக்கு இருவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒருவர்; நடப்புக் கணக்குக்குக் கடை முத்திரை வைக்க மறந்தது. ஒவ்வொரு மாண்டேட்டுக்கும் யு.எம்.ஆர்.என். என்ற 20 இலக்கக் குறியீடு உண்டு. ஒரு நோட்டில் அதையும், யாருக்கு, எந்தத் தேதி, எவ்வளவு, எதுவரை என்பதையும் எழுதி வையுங்கள். பின்னாளில் ரத்து செய்ய வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

ரத்து செய்வது நம் உரிமை. நம் வங்கியிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் மாண்டேட் ரத்தானால் கடன் ரத்தாகிவிடாது. பணம் போதாமல் திரும்பினால் அது வெறும் தண்டத்தோடு போகிற விஷயமும் அல்ல. செக் திரும்பினால் 138-ஆம் பிரிவு என்று நமக்குத் தெரியும். மின்னணுக் கோரிக்கைக்கும் 2007-ஆம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இருக்கிறது. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாளுக்குள் நாம் கட்டவில்லை என்றால் வழக்கு; இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் வந்தால் மேசை அறைக்குள் போட்டு வைக்காதீர்கள்.

மொத்த வியாபாரிகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை, அய்யலூர் வரை 40 கடைக்குச் சரக்குப் போடுகிறவருக்கு வசூல் ஆளின் பெட்ரோல் செலவே பெரிது. வங்கியோடு ஒப்பந்தம் போட்டு அவரும் இம்முறையில் வசூலிக்கலாம். கம்ப்யூட்டரில் அன்றைய கோரிக்கைகளை ஒரே பைலாக ஏற்றலாம். இங்கேதான் கணக்குப் பிள்ளைகள் தவறுகிறார்கள்: பைலை ஏற்றியதுமே 40 பேருக்கும் பேரேட்டில் வரவு வைத்துவிடுகிறார்கள். வங்கியிலிருந்து திரும்பி வரும் பைலைப் பார்த்த பிறகே வரவு வைக்க வேண்டும். 40-இல் 36 தேறி 4 திரும்பியிருக்கும். அந்த நாலு பேரை 'கட்டிவிட்டார்' என்று நினைத்து அடுத்த லோடும் அனுப்பினால் கடன் இரட்டிப்பாகும்.

திரும்பிய காரணத்தையும் படிக்க வேண்டும். 'பணம் போதாது' என்றால் கடைக்காரரிடம் பேசி, அவர் சொல்லும் தேதியில் மறுபடி போடலாம். வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையை நம்பியிருக்கும் கடைக்குப் புதன்கிழமை கோரிக்கை போடுவது நம் புத்திக் குறைவு. 'கணக்கு மூடப்பட்டது', 'மாண்டேட் ரத்து' என்றால் மறுபடி போடுவதில் பயனில்லை, நேரில்தான் போக வேண்டும்.

சிறு கடைக்காரருக்கு 2020 ஜூலையில் வந்த யு.பி.ஐ. ஆட்டோபே இன்னும் இலகு. 2022 ஜூன் முதல் ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் போடாமலே போகும். முந்தின நாளே செல்போனுக்குத் தகவல் வரும், ஆப்பிலேயே நிறுத்தியும் வைக்கலாம். அந்தத் தகவல் எந்த எண்ணுக்கு வருகிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் வேலை பார்த்துப் போன பையனின் பழைய எண் இன்னும் வங்கியில் இருக்கிற கடைகள் நமக்குத் தெரிந்தே உண்டு.