இஎம்ஐ ரெண்டு பேர் கட்டறீங்க, பத்திரம் யார் பேர்ல?

போன மாசம் ஒரு நண்பனும் அவன் மனைவியும் பெருங்களத்தூர்ல ஃப்ளாட் பார்க்கப் போனாங்க. நானும் கூடப் போயிருந்தேன். விலை, யுடிஎஸ், பேங்க் லோன் எல்லாத்தையும் ப்ரோக்கர் அவன்கிட்டயே பேசினார். அவங்க பக்கம் திரும்பினது ஒரே தடவை: "கிச்சன் பாருங்க மேடம், நல்லா பெருசு." ரெண்டு பேர்ல சம்பளம் அதிகம் அவங்களுக்குத்தான். பார்க்கற வேலையே ஒரு கம்பெனியோட கணக்கு வழக்கு.

ப்ரோக்கரைத் திட்டறதுக்கு முன்னாடி நம்மளைக் கொஞ்சம் பார்த்துக்கலாம். பையன் எஃப்டியில போட்டா "விவரமானவன்", பொண்ணு போட்டா "பயந்த சுபாவம்". ஆப்ஷன்ஸ்ல அவன் அம்பதாயிரம் விட்டா "ரிஸ்க் எடுக்கறான்". அவ விட்டா "தெரியாத வேலை உனக்கெதுக்கு?" செஞ்சது ஒண்ணுதான், நாம வைக்கற பேர்தான் வேற.

பணம்னா ஆம்பளைக்குத்தான் தெரியும்ங்கறதை பார்பர், ஓடீன்னு ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. அமெரிக்காவில ஒரு ப்ரோக்கரேஜ்ல 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களோட 1991 முதல் 1997 வரையிலான கணக்கு அது. ஆய்வு வெளியானது 2001-ல். ஆண்கள் 45 சதவீதம் அதிகமா வாங்கி விற்றிருக்காங்க. அந்த ட்ரேடிங்கால அவங்க வருமானம் வருஷத்துக்கு 2.65 சதவீதப் புள்ளி குறைஞ்சது. பெண்களுக்குக் குறைஞ்சது 1.72. அதீத நம்பிக்கைதான் காரணம்னு அவங்க சொல்றாங்க. எனக்கும் அந்த அனுபவம் உண்டு, அதை இன்னொரு நாள் அழுதுக்கறேன்.

சரி, யாரோ எப்படியோ நினைச்சா நமக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வருது. ரெண்டு வாரம் கழிச்சு நண்பன் அக்ரிமென்ட் டிராஃப்ட் அனுப்பினான். வாங்குபவர்னு அவன் பேர் மட்டும்தான் இருந்தது. லோன் விண்ணப்பத்துல மட்டும் மனைவி கோ-அப்ளிகன்ட். "ஏன்டா?"ன்னு கேட்டேன். "அப்பா எழுதச் சொன்னார், நான் யோசிக்கவே இல்லடா."

இதுக்கு அர்த்தம் என்னன்னா, முழுக் கடனுக்கும் அவங்களும் பொறுப்பு. அவன் தவணை தவறினா அவங்க சிபில் ஸ்கோரும் அடிபடும். ஆனா வீட்டுல ஒரு சதுர அடி கூட அவங்களோடது இல்ல. பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு இன்னொரு இடி: குடியிருக்கற வீட்டோட வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவு கேட்க, கடன்லயும் பேர் இருக்கணும், பத்திரத்துலயும் பேர் இருக்கணும். பின்னாடி சேர்த்துக்கலாம்னா செட்டில்மென்ட் பத்திரம், மறுபடி முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கூடவே பேங்க் சம்மதம்.

சட்டம் குறுக்கே நிக்கல. பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம பங்குன்னு தமிழ்நாடு 1989-லயே திருத்தம் கொண்டு வந்தது (அப்பவே கல்யாணம் ஆகியிருந்தவங்களுக்கு இல்லைன்னாலும்). நாடு முழுக்க வந்தது 2005-ல. 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பேர்ல 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிஞ்சா கட்டணத்துல 1 சதவீதம் குறைவு. தாம்பரம் பக்கம் 10 லட்சத்துக்கு ஃப்ளாட் எங்க இருக்குன்னு மட்டும் கேட்காதீங்க.

நண்பன் டிராஃப்டை மாத்திட்டான். போடற பணத்தோட விகிதப்படி 55:45-ன்னு பங்கையும் எழுதியாச்சு, பெரிய பங்கு அவங்களுக்கு. அவன் அப்பா ரெண்டு நாள் பேசல, மூணாவது நாள் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துட்டு வந்தார். நீங்க அக்ரிமென்ட் போடப் போறீங்கன்னா, கையெழுத்துக்கு முன்னாடி "வாங்குபவர்"ங்கற வரியில எத்தனை பேர் இருக்குன்னு பாருங்க. பங்கு விகிதம் எப்படி எழுதறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன்.