காப்பு ஒன்று செய்வோம்

பலவகைத் தொங்கல்கள் கோத்த அகலமான கைக்காப்புகளைக் கடைகளில் காணும் மாணவியர் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பொருட்களைக் கொண்டே அத்தகைய காப்பொன்றைச் செய்து கொள்ளலாம். அதன் செய்முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர் அந்த அணியின் பெயரையும் நமது மாத்தளை மாவட்டத்தின் கைத்தொழில் மரபையும் சற்று அறிந்துகொள்வோம்.

சொல்லும் பொருளும்

கையணிக்குத் தமிழில் தொடி, வளை, கடகம், கங்கணம் எனப் பெயர்கள் பல உண்டு. இலங்கையில் நாம் அன்றாடம் வழங்குவது காப்பு என்ற சொல். காத்தல் என்பதிலிருந்து பிறந்தது அது. நூலின் தொடக்கத்தில் பாடப்படும் செய்யுளையும் காப்புச் செய்யுள் என்கிறோம். ஆங்கிலத்தில் இத்தொங்கல்களுக்கு வழங்கும் 'சார்ம்' என்ற சொல்லுக்கும் மந்திரப் பொருள் என்ற கருத்து உண்டு.

நாம் செய்யப் போவது தாயத்து அன்று. காப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நமது நம்பிக்கை. இந்தக் காப்பு நம்மைக் காக்காது. நாம்தான் இதில் சிலவற்றைக் காத்து வைக்கிறோம். உம்மும்மாவின் ஒற்றைத் தோடு, பெருநாள் உடையில் மிஞ்சிய துணி, பழைய சட்டையின் தெறி ஆகியன ஓர் அணியில் வந்து சேரும்போது, அது வேறெவரிடமும் இல்லாத அணியாகிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. இது யாருடைய அணி என்ற வழக்கை உள்ளே இருந்த பரலே தீர்த்து வைத்தது.

நமது மாவட்டத்தின் கைத்திறன்

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் முதலாம் காசியப்பன் காலத்தில் தீட்டப்பட்ட சிகிரியா ஓவியப் பெண்களின் கைகளை உற்றுப் பாருங்கள். மணிக்கட்டில் வளைகளும் மேற்கையில் தோள்வளைகளும் இருக்கும். நகையின் மீதான விருப்பம் நமது மாவட்டத்தில் அவ்வளவு பழமையானது.

பல்லேஹாபுவிட என்னும் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர் பெற்றது. மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதைச் சூடாக்கி இளக்கி, சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை நிறங்களைக் கலந்து, மெல்லிய இழையாக இழுப்பர். அந்த இழையைச் சூடேற்றிய மரத்தின் மேல் பதித்து, பெருவிரல் நகத்தாலேயே வேண்டிய இடத்தில் வெட்டி வடிவம் அமைப்பர். நகமே கருவியாவதால் இதற்கு நகவேலை என்று பெயர். சிங்களத்தில் 'நியபொத்து' என்றால் நகம். இன்று இத்தொழிலைத் தொடரும் குடும்பங்கள் மிகச் சிலவே.

அலுவிகாரையில் கலைஞர் ஈனா டி சில்வா அவர்கள் (1922 – 2015) கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக் துணியும் பூத்தையலும் பயிற்றி ஒரு நிலையத்தை வளர்த்தெடுத்தார். துணி வேலையுடன் பித்தளை வார்ப்பும் மரவேலையும் அங்கு இடம்பெற்றன. துணி, உலோகம், மரம் என வேறுபட்ட பொருட்களை ஒரே அணியில் சேர்க்கப் போகும் நமக்கு இது நல்ல முன்மாதிரி.

தேவையான பொருட்கள்

1. பக்கங்கள் வழவழப்பான 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று
2. மேற்றுணி 16 × 7 சென்ரிமீற்றர், உட்துணி 15 × 6 சென்ரிமீற்றர்
3. இருபக்க ஒட்டுநாடா, கடதாசி ஒட்டுநாடா, ஊசி, உறுதியான நூல்
4. மணிகள், சிரட்டைத் துண்டு, தெறிகள், ஒற்றைத் தோடு, அறுந்த சங்கிலி
5. தொங்கல் மாட்டுவதற்கான சிறு உலோக வளையங்கள் ஐந்து

இந்த அளவுகள் 15 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள மணிக்கட்டுக்கு உரியவை.

செய்முறை

முதலில் மணிக்கட்டை அளந்து அதிலிருந்து 2 சென்ரிமீற்றரைக் கழியுங்கள். 15 எனில் 13 வரும். இக்காப்பு முழு வட்டமன்று. கையை நுழைக்க ஓர் இடைவெளி வேண்டும். போத்தலின் வளைவு வழியே 13 சென்ரிமீற்றர் நீளமும் 4 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். ஒற்றைப் பட்டை வளைந்து கொடுத்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டி, விளிம்பு முழுவதையும் கடதாசி ஒட்டுநாடாவால் மூடுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு தோலைக் கீறும்.

இனி மேற்றுணியின் நடுவில் 13 × 4 அளவில் கட்டமொன்றைப் பென்சிலால் வரையுங்கள். அலங்காரம் முழுவதும் அக்கட்டத்தினுள் அமைய வேண்டும். மணிகளைத் தைக்கும் வேலையைத் துணியைப் பட்டையில் பொருத்துவதற்கு முன்னரே முடித்துவிடுங்கள். பட்டையின் மேல் துணி ஏறிய பின்னர் ஊசி உள்ளே இறங்காது.

சிரட்டைத் துண்டை உப்புத்தாளால் தேய்த்து, துளி தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்தால் கருமை கலந்த பளபளப்பு வரும். பெரிய துண்டை நடுவிலும் சிறியவற்றை இருபுறமும் வைத்து, இரட்டை நூலால் தையுங்கள். ஒவ்வொரு மூன்று மணிக்கும் ஒருமுறை முடிச்சிடுங்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை உதிராது. இரு முனைகளிலும் 3 சென்ரிமீற்றர் வெறுமையாக இருக்கட்டும். எழுதும்போது மேசையில் படும் பகுதி அது.

பின்னர் துணியைப் பட்டையின் மேல் போர்த்தி, ஓரங்களை உட்புறம் மடித்து, எதிரெதிர் ஓரங்களை நூலால் மாறி மாறி இழுத்துத் தையுங்கள். உட்துணியின் ஓரங்களை மடித்து அதன் மேல் வைத்து, நுண்ணிய தையலால் மூடுங்கள்.

இறுதியாகத் தொங்கல்கள். காப்பின் கீழ்விளிம்பின் நடுப்பகுதியில் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஐந்து வளையங்களைத் தைத்து, அவற்றில் தொங்கல்களை மாட்டுங்கள். வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் விலக்கி இழுக்காமல், ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாகத் திருப்புங்கள். அப்போதுதான் மீண்டும் மூடும்போது வட்டம் கெடாது. முடிந்ததும் ஒவ்வொரு தொங்கலையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

விதைகளை மணியாகக் கோப்பதாயின் மஞ்சாடியையும் குன்றிமணியையும் பிரித்தறிய வேண்டும். முழுவதும் சிவப்பானது மஞ்சாடி. சிவப்பில் கறுப்புப் புள்ளி உடையது குன்றிமணி. முற்காலத்தில் தட்டார் பொன் நிறுக்கப் பயன்படுத்திய விதைகள் இவை. குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. அதைத் துளையிடவோ உடைக்கவோ கூடாது; சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து.

செம்பும் பித்தளையும் வியர்வை பட்டால் பச்சை படியும். அவற்றின் மேல் நிறமற்ற நகப்பூச்சை ஒருமுறை தடவலாம். துணிக் காப்பு நனையக் கூடாது. வுழூச் செய்யும் முன் கழற்றி வைப்பது வுழூவுக்கும் நல்லது, காப்புக்கும் நல்லது.

கைக்கூலியும் கணக்கே

இக்காப்பைச் செய்து விற்க நினைக்கும் மாணவியர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பொருட்செலவு 250 ரூபா, செய்ய எடுத்த நேரம் ஐந்து மணித்தியாலம் என்று கொள்வோம். 300 ரூபாவுக்கு விற்றால் 50 ரூபா இலாபம் என்று மகிழ்வோம். உண்மையில் ஒரு மணித்தியால உழைப்பு 10 ரூபாவுக்குப் போயிருக்கிறது. நம் வீடுகளில் உம்மாமார் தைத்துக் கொடுத்த உடைகளுக்கும் போட்ட பூவேலைகளுக்கும் பெரும்பாலும் இப்படித்தான் விலை சொல்லப்பட்டது. நூலுக்கும் துணிக்கும் கணக்கு இருந்தது, கைக்குக் கணக்கில்லை. கூலி கட்டாத கைத்தொழிலை அடுத்த தலைமுறை கற்க முன்வருமா?

ஆகவே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாங்கிய பொருள், விலை ஆகியவற்றை எழுதுங்கள். கை பழகப் பழக நேரம் குறைவதையும் அதிலேயே காண்பீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஊசியும் நூலுமாக அமர்ந்திருப்பதைக் கண்டு, படிக்கும் நேரம் வீணாகிறது என்று கடிந்துகொள்ள வேண்டாம். அளத்தல், கழித்தல், திட்டமிடல், பொறுமை எல்லாம் அங்கே நடக்கின்றன. தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடமே வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் மத்தியகாலச் சிங்களக் கலைகளை, அரக்கு வேலை உட்பட, விரிவாகப் பதிவு செய்தார். அதனால் தொழில்முறை நமக்குத் தெரிகிறது. ஆயினும் பழைய அரக்குச் செப்பொன்றைக் கையில் எடுத்தால், அதைச் செய்தவர் யாரென்று பெரும்பாலும் அறிய முடியாது. எனவே உட்துணியை மூடித் தைக்கும் முன் அதன் ஓரத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் நூலால் தைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். உங்கள் பேத்தியின் கைக்கு அந்தக் காப்பு போய்ச் சேரும்போது, அதைச் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியட்டும்.