செங்காந்தளைப் படமெடுத்தல்: நிறச்செறிவும் புல ஆழமும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேலியோரங்களிலும் புதர்களிலும் பூக்கிறது. விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் இதழ்கள் நாளாக ஆகச் சிவக்கின்றன. இடைப்பட்ட பருவத்தில் ஒரே இதழின் அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். இந்த நிறமாற்றம் படத்தில் கெடாமல் பதிவதற்கு வெளிச்சமும் பின்னணியும்தான் முக்கியம். கணினியில் செய்யும் திருத்தம் பிறகுதான்.

நேர்வெயிலில் கேமராவின் சிவப்புப் பதிவு மற்ற இரு நிறங்களுக்கும் முன்பே நிரம்பிவிடும். இதழின் நரம்புகளும் அலைவிளிம்பின் நிழலும் மறைந்து வெறும் சிவப்புத் திட்டே மிஞ்சும். ஜேபெக் கோப்பில் இதை மீட்க வழியில்லை. ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக எடுப்பது நல்லது. மேகமூட்டமான காலை வேளை இந்த மலருக்கு மிகவும் பொருத்தமானது.

மழைக்குப் பின் ஈர இலைகள் வானத்தின் வெண்மையைப் பிரதிபலிப்பதால் பச்சை வெளிறித் தெரியும். போலரைசரைச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு அடங்கி, இலையின் இயல்பான பச்சை வெளிப்படும். 1 முதல் 2 ஸ்டாப் வரை வெளிச்சம் குறையும் என்பதால் ஐஎஸ்ஓவை உயர்த்த வேண்டியிருக்கும்.

மலர் பெரிதாகத் தெரியுமளவு நெருங்கும்போது புல ஆழம் வெகுவாகச் சுருங்குகிறது. முழுச்சட்ட கேமராவில் பொருளின் பாதி அளவு பிம்பம் விழும் நெருக்கத்தில், எஃப் 8 துளையில்கூடக் கூர்மை ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மட்டுமே கிடைக்கும். செங்காந்தளின் ஆறு மகரந்தத் தாள்களும் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்பதால் எல்லாவற்றையும் ஒருசேரக் கூர்மையாக்க முடியாது. முன்னுள்ள இரண்டு மூன்று மகரந்தப்பைகள் சென்சாருக்கு இணையாக அமையும் கோணத்தைத் தேடி, அவற்றில் குவியம் வைக்க வேண்டும். துளையை எஃப் 16-ஐவிடச் சிறிதாகச் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் கூர்மை குறையும்.

பின்னணியை மங்கலாக்கத் துளையை அகலத் திறப்பதைவிட, புதரிலிருந்து விலகி நிற்கும் மலரைத் தேர்ந்தெடுப்பது மேல். எஃப் 8-இலேயே பின்புற இலைகள் கரைந்து ஒரே பச்சைப் பரப்பாகும்; அதன் மேல் சிவப்பு தானாகவே எடுப்பாகத் தெரியும்.

திருத்தும்போது சேச்சுரேஷனைக் கூட்டினால் ஏற்கெனவே செறிந்த சிவப்பும் சேர்ந்து ஏறிவிடும். வெளிறிய நிறங்களை மட்டும் அதிகம் உயர்த்தும் வைப்ரன்ஸே பாதுகாப்பானது. மஞ்சளும் சிவப்பும் சேருமிடத்தில் ஆரஞ்சுப் படிநிலை தெரியும் வரைதான் கூட்ட வேண்டும்.