பனிக்காலத்திலும் கிணற்று நீர்: லடாக் தரும் பாடம்

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே, நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் வழங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது. சமவெளியில் குழாய் பதித்தலோடு பெரும்பணி முடிந்துவிடும். ஆனால், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த லே போன்ற இடங்களில் உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது. அங்குக் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு.

கிணற்றின் அடியில் உள்ள நீர் எளிதில் உறைவதில்லை. நிலத்தின் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிலவுவதே இதற்குக் காரணம். இடர்ப்பாடு மேற்பகுதியில்தான் உள்ளது. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. அடைபட்ட குழாயில் இப்பெருக்கத்திற்கு இடமில்லாமையால் இரும்புக் குழாயும் வெடிக்கும்; பம்பின் தலைப்பகுதி பிளக்கும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் நான்கு.

முதலாவது, குழாயை உறைமட்டத்திற்குக் கீழே பதித்தல். இம்மட்டம் மண்ணின் தன்மை, ஈரம், பனிப்போர்வை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பனி வெப்பத்தைக் காப்பதால், பனி அகற்றப்பட்ட பாதையின் அடியில் மண் மேலும் ஆழமாக உறையும். எனவே பாதையைக் கடக்கும் குழாய்க்குக் கூடுதல் ஆழம் தேவை.

இரண்டாவது, வடித்துவிடுதல். கைப்பம்பின் ஏற்றுக்குழாயில், உறைமட்டத்திற்குக் கீழே ஒரு சிறு துளை இட்டால், இறைத்து முடிந்ததும் மேலே தேங்கிய நீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். இறைக்கும் நீரில் சிறிதளவு இதனால் குறையும். ஆனால் பம்பு பிழைக்கும்.

மூன்றாவது, போர்வை. வெளியில் தெரியும் பகுதிகளை வைக்கோல், மரத்தூள், கம்பளி இவற்றால் மூடி, அவை நனையாதவாறு காத்தல் வேண்டும். போர்வை வெப்பத்தை உண்டாக்காது. வெப்ப இழப்பைத் தாமதப்படுத்துவதோடு சரி. ஆதலின் நீண்ட குளிருக்கு அது மட்டும் போதாது.

நான்காவது, வீட்டிற்குச் செல்லும் கிளைக்குழாயின் அடைப்பு வால்வை ஆழமான குழியில் அமைத்து, இரவில் குழாயைக் காலி செய்தல்.

உறைந்துவிட்ட குழாயை நெருப்பால் சுடலாகாது. குழாயைத் திறந்துவைத்து, வெந்நீரில் நனைத்த துணியைத் திறப்பின் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றுதலே முறை.

ஆழமாகப் பதிக்க முதற்செலவு கூடும் என்பது உண்மையே. எனினும், குழாய் வறண்ட நாள்களில் ஓடையின் பனிக்கட்டியை உடைத்து நீர் சுமக்கும் பெண்களின் உழைப்பு எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. அதையும் பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், மலிவான குழாயே விலை மிகுந்ததாகிவிடும். இணைப்புகளின் எண்ணிக்கை சொத்தின் அளவுகோல். ஜனவரி மாதக் காலையில் குழாயில் நீர் வருகிறதா என்பதே சேவையின் அளவுகோல். ஆய்வு செய்யும் அலுவலர் இரண்டாவதையே முதலில் கேட்டறிதல் நன்று.